கிரில் கம்பியும் சென்னைக் கப்பலும்

நவம்பர் 20, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். இந்தத் தீவு ரிசார்ட்டில் மீன் சுடும் கிரில் கம்பியைத் தேய்க்கும் வேலை என் தலையில். போன சீசன் எண்ணெயும் மசாலாவும் கரியாகி இறுகிக் கிடக்கிறது.
ஊரிலிருந்து அண்ணன் போன். "அப்பாவுக்கு ரொம்ப முடியல, உன்னையே கேக்குறாருடா. சீக்கிரம் கெளம்பி வா."
மானேஜரிடம் லீவு கேட்டேன். "பஹ்லே ஜாலி சாஃப் கரோ, பாத் மே சுட்டி." கம்பி பளபளத்தால்தான் லீவாம். ஞாயிறு பெரிய பார்ட்டி. நாசமாய்ப் போக.

நவ. 21, புதன்
இரும்பு நார், செங்கல் பொடி, சோடா உப்பு. ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. சாயங்காலம் முழுக்கக் கரண்டியால் சுரண்டல். பக்கத்தில் ரேடியோ. சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் என்றைக்குத் தருவார்கள் என்று அதில்தான் சொல்வார்கள்.
அண்ணன் மறுபடி போன். கை முழுக்கக் கரி. எடுக்கவில்லை.

நவ. 22, வியாழன்
மழை. டாலிகஞ்ச் எலக்ட்ரீஷியன் கண்ணன் வந்தான். "அரே, கவுண்டர்ல உன்னக் காணோமே? சனிக்கிழமை கப்பலுக்கு டிக்கெட் கதம், தீந்துபோச்சு. நேத்து ரேடியோல சொன்னாங்களே!"
சொல்லியிருப்பார்கள். நான் சுரண்டிய சத்தத்தில் கேட்கவில்லை. ரேடியோவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு! மடையன். அடுத்த கப்பல் எப்போது, யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளைட்டுக்கு வழியில்லை.
சுனாமிக்கு அப்புறம், நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாமல் அப்பா கப்பல் ஏறி வந்தார். முகாம் முகாமாகத் தேடினார். கராச்சர்மா முகாமில் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கம்பி அடுப்பின் மேலேயே கிடந்தது, அடியில் தணல். எரிச்சலில், மழையில் நனைந்து கிடந்த சாக்கைக் கம்பிமேல் வீசிவிட்டுப் படுக்க வந்துவிட்டேன்.

நவ. 23, வெள்ளி
சாக்கை எடுத்தால், அடியில் கரி ஊறிப்போய் உரிந்து வருகிறது! ஆவியில் இளகியிருக்கிறது. தேங்காய் நாரால் ஒரு தேய். முடிந்தது. சத்தமே இல்லை. இதைப் புதன்கிழமை செய்திருந்தால்? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.
மானேஜருக்கு ஏகச் சந்தோஷம். "ஷாபாஷ்! சுட்டி லே லோ."
லீவு எடுத்து எங்கே போக? கடல்மேல் நடக்கவா?

நவ. 24, சனி
வெயில். வாங்க வேண்டியது: அடுப்புக்கரி, எலுமிச்சை, மிளகாய்த்தூள், சுர்மை மீன்.
சாயங்காலம் கப்பல் சங்கு. நீளமாக. கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தேன்.

நவ. 25, ஞாயிறு
மேகம், மழை இல்லை. பார்ட்டிக்காகக் கம்பியை இன்னொரு தரம் துடைத்தாயிற்று. எழுதும்போதே போன். அண்ணன். இவ்வளவு காலையில் கூப்பிட மாட்டான்.
கையைப் பார்க்கிறேன். எடுக்காமலிருக்கத் துளிக் கரிகூட இல்லை.