கிளட்சில் டிராக்டர் ஆயில்

ஐப்பசி 14, செவ்வாய்

நான் உழும் மிராசுதார் நிலத்தின் குத்தகையை என் பெயரில் பதிய நீடாமங்கலம் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினேன். பாலத்து ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்கிவிட்டது. டிராக்டர் ஓட்டும் மச்சான் நேற்று கிளட்ச் பெட்டியில் டிராக்டர் கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார். "டிராக்டருக்கே தாங்குது, இதுக்குத் தாங்காதா மாப்ளே?" என்கிறார்!

தள்ளிக்கொண்டு திரும்பும்போது மிராசுதார் காரை நிறுத்தினார். "உனக்கெல்லாம் இது எதுக்குடா? மாட்டுவண்டியில போ."

"நாளைக்கு இதுலதான் போவேன். உங்க வாசல் வழியாவே போவேன், பாருங்க" என்றேன்.

சாயங்காலம் அந்த ஆயிலை வடித்து, கிளட்ச் தகடுகளை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய இன்ஜின் ஆயிலை அளவாக ஊற்றினேன். இப்போது கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது.

தெருவே அதிரச் சத்தம் போடவைக்கும் சைலன்சர் ஓட்டையையும் அடைக்கட்டுமா என்று மச்சான் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நாளைக்கு அந்த வாசலைத் தாண்டும்வரை அது அப்படியே இருக்கட்டும்.