எண்பத்தாறு படிகளும் ஒரு பின்வாசலும்

3 ஆகஸ்ட், ஞாயிறு
சாமைக்குக் களையெடுத்து முடிந்தது. இனி கொஞ்ச நாள் ஓய்வு. மலையில் புதிதாகத் திறந்திருக்கும் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் போய் வரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.

"மலையிலயே கீறவங்க மலையப் பாக்கப் போறாங்களாம். இன்னாமே இது?"

சிரித்தாரே, அதுவே பெரிது. புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர். இரண்டு வருடமாக வாசலைத் தாண்டவில்லை. அரசாங்கம் கொடுத்த சக்கர நாற்காலி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

5 ஆகஸ்ட்
அவர் வர மறுக்கும் காரணம் தெரிந்தது.

"என்னை டோலி கட்டித் தூக்கினு போவாத, நீலா. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனப்ப ஊரே நின்னு பாத்துச்சு. போதும்."

யாரும் தூக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படி? தெரியாது.

8 ஆகஸ்ட்
தனியாகப் போய்ப் பார்த்து வந்தேன். முன்வாசலிலிருந்து பார்வை மேடைக்கு இறங்க எண்பத்தாறு படிகள். நாற்காலி இறங்காது. ஆனால் மேடையில் நின்றதும் — இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் நூல் மாதிரி ஓடை. அந்தப் பக்கத்துக் காட்டில் எத்தனை வருடம் விறகு பொறுக்கியிருக்கிறேன்! ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நாம் பார்க்காமல் யார் பார்ப்பது?

மேடைக்குப் பின்னால் ஒரு ஜீப் பாதை. சமதளம். அதன் முனையில் பூட்டிய கேட். காவலர் சந்திரனிடம் கேட்டேன்.

"ஆபீஸ் வண்டிக்கு மட்டுந்தான்கா. ஆர்டர் இல்லாம தொறந்தா என் வேல போய்டும்."

அவர் மேல் கோபமில்லை.

9 ஆகஸ்ட்
மனு எழுதினேன். மூன்று தாள் வீணாயிற்று. நாலாவதில் கெஞ்சலையெல்லாம் எடுத்துவிட்டேன். 'பாதை இருக்கிறது. கேட்டைத் திறந்தால் போதும்.' கீழே மு. நீலாவதி. எட்டாவதோடு நின்றவள் எழுதியது. நாலு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது!

12 ஆகஸ்ட்
பஸ் பிடித்து மலையிறங்கிப்போய் பூங்கா அதிகாரியிடம் மனுவைக் கொடுத்தேன். "ஒருத்தருக்காகவாம்மா?" என்றார்.

"கேக்க வந்தது ஒருத்தி, சார். பாக்க முடியாம திரும்பிப் போனவங்க எத்தன பேரோ."

பேனாவை வைத்துவிட்டு மனுவை மறுபடி படித்தார். பார்க்கிறேன் என்றார்.

15 ஆகஸ்ட்
போன் வரவில்லை. இன்னாத்துக்கு அந்த அதிகாரிகிட்ட வாய விட்டேன்?

19 ஆகஸ்ட்
சந்திரன் கூப்பிட்டார். "அக்கா, ஆர்டர் வந்துச்சு! வியாழக்கிழம கூட்டினு வாங்க."

21 ஆகஸ்ட், வியாழன்
போனோம். கேட் வரைக்கும் ஆட்டோ. பாதிப் பாதை நான் தள்ளினேன். "உடு" என்றார். மீதியை அவரே உருட்டினார்.

மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தார்.

அப்போது படிகளின் மேலே ஒரு குடும்பம். காலில் மாவுக்கட்டோடு ஓர் அம்மா, கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இவர் கையைக் குவித்துக் கத்தினார்.

"அம்மா! போவாதீங்க! பின்னாடி வழி கீது! சுத்திக்கினு வாங்க!"

குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. இந்தக் குரலை நான் கேட்டு இரண்டு வருடம்.

அந்த அம்மா ஊன்றுகோலோடு மெல்ல வந்து சேர்ந்தார். "புண்ணியமாப் போச்சுங்க. யாரு இந்த வழிய தொறக்க வச்சது?"

"எம் பொஞ்சாதி," என்றார். "மனு எழுதினா."

ஓடையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்குத் தலை கால் புரியவில்லை.

7 செப்டம்பர்
காலையில் எழுந்து பார்த்தால் ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. டீக்கடைப் பக்கம் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டு செல்லியம்மாள் சொன்னாள். தேடிப் போகவில்லை. எனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தேன்.