பழைய கிருமியா, புதுக் கிருமியா?

மார்ச் 4

என் அருமைத் தங்கச்சிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய், அதனால் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நலம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. முட்டி மடங்க மறுக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, வாய் மட்டும் பழையபடிதான். உன் பொண்ணு, நம் பட்டாணியின் சளியில் பிப்ரவரியில் மறுபடியும் அந்த சூடோமோனாஸ் கிருமி தெரிந்ததாமே. உன் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவரைத் திட்டாதே. பாவம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசினார்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய எட்டாவது பிறந்தநாளன்று காலையில், ஆய்வுக்கூடத்தில் என் கை தவறி இதே கிருமியை வளர்த்த ஒரு தட்டு விழுந்து உடைந்தது. துடைத்தேன், கழுவினேன், உடுப்பை மட்டும் மாற்றவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்குச் சளி பசை மாதிரி நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும், எந்தக் கிருமியும் அதில் சொகுசாக உட்கார்ந்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவள் நான்! பதினைந்தே நாளில் அவளுக்கு முதன்முறையாக அந்தக் கிருமி வந்தது. நீ கேட்டாய், "லேப்லேர்ந்து நேரா வந்தியா?" ஆமாம் என்றேன். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாய். மிதிக்கவில்லை.

அப்போது ஆஸ்பத்திரி எங்கள் ஆராய்ச்சிக்கு அனுப்பிய அவளுடைய கிருமி இன்னும் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடக் கிருமியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், கொண்டுவந்தது நான்தானா என்று தெரிந்துவிடும். பெற்றவளின் கையெழுத்து இல்லாமல் பெட்டியைத் திறக்க முடியாது. படிவத்தை இணைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. கிழித்தால் இவர் பொறுக்கி எடுத்து ஒட்டுவார்.

உன் மனசு ஆறுவதற்கு என் பொண்ணின் சளி கேட்கிறதோ? மூன்று வருடம் கழித்து எழுதுகிறாய், நாலு பக்கமும் நான், நான், நான். நீ கொண்டுவந்தாயா இல்லையா என்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஊறுகாயா போடமுடியும்?

எனக்கு வேண்டியது வேறு. போன வாரம் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். "இது பழைய கிருமியே ஒளிஞ்சிருந்து திரும்பக் கிளம்பியிருக்கலாம். அப்படின்னா அது குடியேறிடுச்சு, இனிமே அதோடதான் காலம் தள்ளணும், நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கெடும். இல்ல, பழசு அன்னைக்கே மருந்துல செத்துப்போய், இது புதுசா வந்ததுன்னா விரட்டிடலாம். எதுன்னு சொல்லப் பழசு எங்ககிட்ட இல்லையேம்மா."

அவரிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருடமாக இந்தக் கிருமியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையா?

அதே ஆஸ்பத்திரிக்கு வரும் இன்னொரு அம்மாவை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். இந்த வியாதிப் பிள்ளைகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கிருமி தாவும் என்று எங்களைத் தனித்தனியாக உட்காரவைப்பார்கள். நடைபாதையின் இந்த முனையிலிருந்து நானும் அந்த முனையிலிருந்து அவளும் கையாட்டுவோம், அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம். அவள் பையனுக்கு அது குடியேறிவிட்டது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது அவனுக்கு. பட்டாணி தினமும் நாலு தெரு சைக்கிள் மிதிக்கிறாள், அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கேள்வியை அடித்துவிட்டு என் கேள்வியை எழுதியிருக்கிறேன். பிப்ரவரிக் கிருமியை அனுப்பச் சொல்லி டாக்டரிடமும் எழுதி வாங்கிவிட்டேன்.

பட்டாணியின் அம்மா


மார்ச் 18

தங்கச்சி,

உன் கடிதத்தை ஆய்வுக்கூட நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். காது சிவந்துவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற நீ கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாக என் குற்றத்தை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், பிள்ளையைப் பார்க்க மறந்திருக்கிறேன்.

உன் படிவத்தைக் கொண்டுபோய் எங்கள் உறைபெட்டிக்குப் பொறுப்பான அம்மாளிடம் கொடுத்தேன். 'பூட்டு' என்று நாங்கள் கூப்பிடுவோம். டீத்தூள் டப்பாவைக்கூடப் பூட்டிவைக்கும் ஆள். "உங்க சொந்தக்காரப் பொண்ணா? அப்ப நீங்க தொடக் கூடாது. நாங்க பாக்கறோம், நீங்க கையக் கட்டிட்டு நில்லுங்க" என்றார். நியாயம்தான். பழையது, புதியது, சரிபார்க்க அவராகவே சேர்த்துக்கொண்ட எங்களுடையது என்று மூன்று குழாய். எதில் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்றையும் வளர்த்து, ஒவ்வொன்றின் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட வேண்டும். நாலு வாரம் ஆகும்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். கழுவிய குழாய்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

தங்கச்சி, முதலில் இந்த வரியைப் படித்துவிடு: அது வேறு கிருமி. பழையது இல்லை.

இப்போது உட்கார். பழையதும் புதியதும் ஒரே இனம், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகள் மாறியிருக்கின்றன. ஒரே கிருமி நுரையீரலில் மூன்று வருடம் கிடந்தாலும் இத்தனை மாறாது. அப்படியென்றால் அன்றைக்குக் கொடுத்த மருந்து வேலை செய்திருக்கிறது. அந்தப் பழைய சனியன் ஒழிந்தது. இது இப்போதுதான் வந்த ஆள், இன்னும் மூட்டையைப் பிரிக்கவில்லை. சுவாச மருந்தை உடனே ஆரம்பித்தால் விரட்டிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அறிக்கையை உங்கள் டாக்டருக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. குழாய், சிங்க், பூந்தொட்டி, ஈரமான எந்த இடத்திலும் அது இருக்கும். ஒரு வீட்டையும் ஒரு மனுஷியையும் அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது.

'பூட்டு' அம்மாள் அறிக்கையை என் கையில் கொடுத்தபோது சத்தியமாக உன் கேள்விக்கான பதிலைத்தான் முதலில் தேடினேன். பார்த்ததும் அழுதுவிட்டேன். "நல்ல சேதிதானே, எதுக்கும்மா இந்த அழுகை?" என்று அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அப்புறம்தான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அன்றைக்கு உடைந்த தட்டில் இருந்த எங்கள் கிருமி, பட்டாணிக்கு வந்த இரண்டில் எதோடும் சேரவில்லை. நான் கொண்டுவரவில்லை.

உடுப்பு மாற்றாமல் வந்தது தப்புதான், அது மாறாது. அதிர்ஷ்டத்தில் தப்பித்தேன். அதைச் சாக்காக வைத்து உன் வாசலுக்கு வர மாட்டேன். நீ கூப்பிட்டால் ஒழிய.

உன் அக்கா


மே 29

அன்பு அக்காவுக்கு,

பட்டாணியின் சளியில் கிருமி இல்லை. மருந்து முடித்து எடுத்த முதல் பரிசோதனை சுத்தம், நேற்று வந்த இரண்டாவதும் சுத்தம். டாக்டர் உன் அறிக்கையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்னும் மாதாமாதம் பார்க்க வேண்டுமாம். பார்ப்போம். நான் வீட்டுக்கு வந்து மதியம் படுத்தவள் மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். கார் கற்றுக்கொள்ள வந்தவர் வாசலில் ஹாரன் அடித்து எழுப்பினார். ஆசிரியையை ஹாரன் அடித்து எழுப்பிய முதல் மாணவர்.

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் மருந்து இல்லை. 'ஒரு மனுஷியையும் குற்றம் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான். அதைத் தாண்டி என்னால் போகவே முடியவில்லை.

சொல்லிவிடுகிறேன். அந்தப் பிறந்தநாள் வாரம் எனக்குக் காய்ச்சல். பட்டாணி மருந்துப் புகை இழுக்கிற கிண்ணத்தை நாலு நாள் கொதிக்கவைக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டேன். கிருமி வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கிண்ணம்தான். வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். லேப்பிலிருந்து நேராக வந்தாயா என்று கேட்டேன். நீ ஆமாம் என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை விட மனசில்லாமல்தான் உன்னை மூன்று வருடம் வெளியே நிறுத்தினேன். கிண்ணத்தை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். நீ சோதித்துப் பார்க்கக்கூட மிச்சமில்லை.

இவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். தினமும் காலையில் சளி இளக அவள் முதுகை இருபது நிமிடம் தட்ட வேண்டும். இவர் தட்டினால் அவளுக்குக் கூச்சம், சிரித்துப் புரள்வாள். அதனால் நான்தான். ஒரு வருடமாக வலது மணிக்கட்டை மடக்க முடியவில்லை, அக்கா. கியர் போட முடியவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தட்டுகிறேன்.

ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வா. எனக்குக் கை வலிக்கிறது.

உன் தங்கச்சி