கைப்பையில் பவர் கேபிள்

நவ. 26, புதன்

காலையிலிருந்து மூட்டம். எங்கள் லாலாகுடா பக்கம் முழுக்கக் காயாத துணி. கோடவுனைப் பெருக்கினேன். புது ஸ்பீக்கர் நாலும் உறை போட்டு நிற்கின்றன. பார்க்கப் பெருமை, வாங்கியது கடனில். 1-ஆம் தேதி பேங்க் தவணை. போன மாதம் தவறியாச்சு. இதுவும் தவறினால் ஆள் வந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போவான்.

எல்லாம் அந்த பேகம்பேட் ஈவன்ட்காரனால். அட்வான்ஸ் கொடுத்தான். பாக்கி “மண்டே மேடம்”. எத்தனை மண்டே! இப்போது போனே எடுப்பதில்லை.

ரவிக்குக் கேட்கத் தெரியாது. சவுண்ட் நல்லா இருந்துச்சா என்று கேட்பார், பணம் எங்கே என்று கேட்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற வேலை என்னுடையது.

நவ. 27, வியாழன்

சனிக்கிழமை சங்கீத், கல்யாணத்துக்கு முந்தின ஆட்டம் பாட்டு. கச்சிபௌலி, ஒரு அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ். பெண் வீடு திருச்சிப் பக்கம். நம் ஊர்க்காரர்களுக்கும் இப்போது மெஹந்தி, டி.ஜே. எல்லாம் வேண்டும், அட்வான்ஸ் மட்டும் ஆகாது. பெண்ணின் அப்பாவிடம் போனில்:

“பாதி அட்வான்ஸ் சார். மீதி சவுண்ட் செக்குக்கு முன்னாடி.”

“என்னம்மா, தமிழ் ஆளுங்கன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன். நாங்க எங்க ஓடிடப் போறோம்?”

கால் பங்குதான் வந்தது. நானும் சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? பேகம்பேட்காரனும் தமிழ் ஆள்தானே.

மேடை அலங்காரம் செய்கிற காதர் பாயிடம் புலம்பினேன். “பைசே பைலே லேலோ அக்கா, பாத்மே நக்கோ” என்றார். முதலில் வாங்கு, அப்புறம் என்ற பேச்சே வேண்டாமாம். ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். மிக்சிங் போர்டின் பவர் கேபிளை உருவிக் கைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பாக்கி வந்தால் கேபிள் வரும்.

நவ. 28, வெள்ளி

எடுத்து வைக்க: மைக் பேட்டரி, டேப், க்யூ.ஆர். அட்டை, பெரிய கைப்பை.

கண்ணாடி முன் நின்று கேட்டுப் பார்த்தேன். “சார், அந்த பாக்கி...” குரல் பிச்சை கேட்பது போல வருகிறது. மகள் பார்த்துவிட்டாள். “டென்ஷன் நக்கோ மம்மி, லிங்க் பேஜ் தோ.” லிங்க் அனுப்பினால் பணம் வரும் ஊரில் அவள் இருக்கிறாள்.

நவ. 30, ஞாயிறு

நேற்று நடந்தது. 

ஸ்பீக்கர் ஏற்றி முடித்ததும் கேபிளை உருவினேன். ரவி, “வேணாம்மா, அசிங்கமா இருக்கு.” காதில் வாங்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் போனேன். “முடிஞ்சதும் தரேம்மா.” மறுபடி போனேன். “முடிஞ்சதும்னு சொன்னேன்ல?” முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆட்கள் வந்து உட்கார்ந்தாச்சு. ஆடப் போகிற குழந்தைகள் ஜிகினா உடையில் வரிசையாக. சத்தம் இல்லை. எல்லோரும் ரவியைப் பார்க்க, ரவி என்னைப் பார்க்க, நான் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  சத்தியமாக, இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கேபிளைக் கொடுத்திருப்பேன்.

கல்யாணப் பெண் கூப்பிட்டாள். முழங்கை வரை ஈர மெஹந்தி.

“எவ்வளவு பாக்கி அக்கா?”

சொன்னேன்.

“கேட்டரிங்குக்குக் கொடுத்ததுல அப்பாகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. சொல்ல வெக்கப்படறார். மடியில என் போன் இருக்கு, எடுங்க.”

அவள் முகத்துக்கு நேரே பிடித்ததும் திறந்தது. அட்டையை ஸ்கேன் செய்தேன். பின் நம்பர் கேட்டது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். “நீங்களே போடுங்க.” ஹாலில் பாட்டு இல்லாததால் காதோடு காதாகச் சொன்னாள். ஆறு எண்.

ஒரு சாயங்காலம் கூட அவள் அப்பாவை நம்பாதவள் நான். என்னிடம் போய் பின் நம்பர். முதல் தடவை தப்பாகப் போட்டேன். “அவசரமில்ல அக்கா” என்றாள். பணம் வந்தது. கேபிளைக் கொடுத்தேன், பாட்டு ஆரம்பித்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவ்வளவு வெட்கம். என் புடவைத் தோளில் அவள் மெஹந்திக் கறை.

டிச. 1, திங்கள்

வெயில். தவணை எடுத்தாச்சு, மெசேஜ் வந்தது. ஸ்பீக்கர் நம்முடையது, இந்த மாதத்துக்கு.

நிம்மதிதானே வர வேண்டும்? அந்த ஆறு எண் போக மாட்டேன் என்கிறது. தோசை வார்க்கும்போது ஓடுகிறது, குளிக்கும்போது ஓடுகிறது. நாளைக்கு அவள் கணக்கில் ஏதாவது காணாமல் போனால் யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சவுண்ட்காரிதான்.

மத்தியானம் அவளுக்கு மெசேஜ் போட்டேன். பின் நம்பரை மாத்திடும்மா. பதில் இல்லை. புதுப்பெண், போனா பார்ப்பாள்? தப்பாக எடுத்துக்கொண்டாளோ? இருபது தடவை போனைப் பார்த்தாச்சு. கோடவுனை மறுபடி பெருக்கினேன்.

சாயங்காலம் வந்தது: “அப்பவே மாத்திட்டேன் அக்கா, முதல் பாட்டு முடியறதுக்குள்ள. மெஹந்தி கலைஞ்சு அம்மாகிட்ட செம திட்டு.”

அப்பாடா என்று இருந்தது. அப்புறம் சுருக்கென்றது, ஒரு பாட்டு நேரம் கூட என்னை நம்பவில்லையே என்று. இத்தனைக்கும் மாற்றச் சொன்னதே நான்தான்.