விரல் பட்ட வரி

அத்தானுக்கு,

அழுதாயா என்று கேட்டீர்களே. இல்லை, இன்னும் அழவில்லை. அப்பா இறந்த தந்தி வந்ததும், எதற்கும் செய்வதுபோல் கண்ணை மூடி வேதப்புத்தகத்தைத் திறந்தீர்கள். இறந்தவர்களை இறந்தவர்களே புதைக்கட்டும் என்ற வரியில் உங்கள் விரல் பட்டது.

"ஆண்டவரே போவாண்டாம்னுட்டாருல்லா" என்றீர்கள். தூத்துக்குடியில் நான் இல்லாமலே அப்பாவைப் புதைத்தார்கள்.

நீங்கள் அம்பர்நாத்துக்கு வேலைக்குப் போனபின் தாராவி மாதா கோயிலில் சாமியாரிடம் இதைக் கேட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டு எவனாச்சும் வாசிப்பானாம்மா? யார்கிட்ட, எதுக்குச் சொன்னாருன்னு பாக்கணும். முழுப் புஸ்தகத்தோட சேத்து வாசிக்கணும். தாய் தகப்பன மதின்னு சொன்னதும் அதே புஸ்தகந்தான?"

தலையாட்டினேன். உங்கள்மேல் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை வெள்ளிக்கிழமை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உங்கள் மனைவி