மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

என் மூன்று மகள்மாரின் அம்மாவுக்கு,

திங்கட்கிழமை நெல்லுக்கடையைப் பூட்டிவிட்டு உன்னைப் பின்தொடர்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல சேலை உடுத்துப் போகிறாயே, எவனோ இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நீ போனது கிளினிக்குக்கு, கருத்தடை ஊசி போட.

ஆள் இல்லையென்று தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. ஊசி போடும் மருத்துவமாதுக்குத் தெரியும், என் தங்கச்சிக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒளித்துவிட்டாய். வீட்டில் நான் கேட்டதும், "சொன்னா விடுவியளே? கடைக்கு ஆம்பிளைப் பிள்ளை வேணுமெண்டு நிப்பியள்" என்று கத்திவிட்டுத் தாய்வீடு போனாய்.

அப்படி நின்றிருப்பேன்தான். பொய் சொல்லமாட்டேன்.

தங்கச்சியிடம் நீ சொல்லியனுப்பியதற்குச் சம்மதம். ஊசி தொடரட்டும், ஆம்பிளைப் பிள்ளைக் கதையை நான் எடுக்கமாட்டேன். என் பக்கத்து நிபந்தனைக்கும் நீ ஓம் என்றாயாம்: அடுத்தமுறை ஊசிக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் வருவாய், நான் கிளினிக் வாசலோடு நிற்பேன்.

பிள்ளைகளின் அப்பா