ரஹிமா அம்மா அடித்த சொல்

12 நவம்பர் 1949, ராயபுரம்

கப்பற்படைக் குடும்பங்களுக்கு உதவும் எங்கள் சங்கத்துக்கு இன்று பிலோமினா வந்தாள். அவள் கணவன் போரில் கப்பலோடு காணாமல் போன மாலுமி. பிள்ளைகள் மூன்று. அரிசி மனுவில் நான் ‘விதவை’ என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னாள்.

“அவுரு செத்தத யாரு பாத்தாங்க? அந்த வார்த்த கீற காயிதத்துல கைநாட்டு வெக்கமாட்டேன்” என்று எழுந்துவிட்டாள்.

செயலாளர் ரஹிமா அம்மா மனுவை வாங்கினார். மகனைப் போரில் பறிகொடுத்தவர். அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘மாலுமியின் மனைவி’ என்று எழுதினார்.

“குந்தும்மா. இப்ப வெய்யி.”

பிலோமினா அரிசியோடு வீட்டுக்குப் போனாள்.

விதவைக்குத்தான் அரிசி என்பது விதி. திங்கட்கிழமை கமிட்டி கேட்டால் ரஹிமா அம்மா எதையும் மறைக்கமாட்டார். அப்போது அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் துணிவு வரவேண்டும்.